உடுவில் வீட்டில் இருவர்

தமிழ்ச் சொற்களுக்கு ஆங்கிலத்திலே பொருள் காண விரும்புவோர் நூறாண்டுக்கு மேலாக நாடிவந்த நூல் வின்சுலோ அகராதி. 1862ஆம் ஆண்டிலே சென்னையில் அச்சாகி வெளிவந்த அப்பெருநூலில் 67,000-க்கு மேற்பட்ட சொற்கள் அடங்கியுள்ளன. செந்தமிழும் கொடுந்தமிழும், வைத்தியமும் சோதிடமும், புராணமும் தத்துவமும் அதிலே ஒருங்கே இடம்பெற்றுள்ளன. முகப்பேட்டிலே மைரன் வின்சுலோ என்னும் அமெரிக்கப் பாதிரியாரின் பெயர் பெரிதாக விளங்குகின்றது. அவருக்கு முன்பே சொற்களைத் தொகுத்து வைத்து மறைந்த ஜோசப் நைட் பாதிரியாரின் பெயரும் அங்கே உண்டு. தகுதி வாய்ந்த உள்நாட்டுப் புலவர்களின் துணை கொண்டு ஆக்கியது என்ற குறிப்பும் உண்டு. ஆயினும் அப்புலவர்களின் பெயர் முகப்பில் இல்லை.

அம்முகப்பில் இடம்பெறாத இன்னொருவரைப் பற்றியே இன்று நான் மிகுதியாகப் பேச எண்ணுகின்றேன். அகராதி வெளிவருவதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். அகராதிப் பணிக்கும் அவருக்கும் நேரான தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் வின்சுலோ பாதிரியார் தமிழ் கற்ற வீட்டை நடத்தியவர் அவரே. அந்த வீட்டிலே ஒரு பள்ளியை நிறுவியவரும் அவரே. அவர் பெயர் ஹேரியட் வின்சுலோ அம்மையார்.

இவர்கள் நம் நாட்டுப் பக்கம் வந்த கதையை 1812இலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து கீழ்த்திசைக்கு முதன்முதலாகப் புறப்பட்ட மிஷனரிக் கூட்டத்திலே ஹேரியட் நியூவெல் என்ற இளம்பெண் ஒருவர் இருந்தார். இந்தியாவிலே தங்கக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இடம் கொடுக்கவில்லை. கணவரோடு மொரிசியசுத் தீவுக்குச் சென்ற அவர் அங்கே தம் பத்தொன்பதாம் வயதில் உயிர் துறந்தார். ஒரு நாள்கூடப் பணி செய்யாமல் இறந்த அப்பெண்ணின் வாழ்க்கை வரலாறு நியூ இங்கிலாந்து நாட்டுப்புறங்களில் வீடுதோறும் படிக்கப்பட்டது. படித்த பெண்களிற் பலர் தாமும் கடல் கடக்க விரும்பினர். மனைவியை இழந்த சாமுவேல் நியூவெலோ இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தைக் கண்டு, தம் சங்கத்தாருக்கு ஏற்ற இடம் இதுவே என்று எழுதினார். பிரித்தானியத் தேசாதிபதி பிரவுன்ரிக் இசைவு தரவே, 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திலே குடியேறினர்.

மைரன் வின்சுலோ 1789இல் வெர்மாண்ட் மாநிலத்திலே பிறந்தவர். பதினான்கு வயதிலேயே கடையொன்றிற் பணிக்கு அமர்ந்து, பின்னர் கனெக்டிகட் மாநிலத்து நார்விச் நகரில் சொந்தமாக வாணிகம் நடத்தியவர். வாணிகத்தை விட்டுவிட்டு, மிடில்பரி கல்லூரியிலும் ஆண்டோவர் இறையியற் கல்லூரியிலும் பயின்றார். கடைக்கணக்கு எழுதிப் பழகிய அந்தக் கைதான் பிற்காலத்திலே 67,000 சொற்களை வரிசைப்படுத்தியது என்று எண்ணும்போது எனக்குச் சிறிது மகிழ்ச்சி உண்டாகின்றது. பொறுமையும் ஒழுங்கும் எங்கே கற்றாலும் பயன்படும் அல்லவா?

ஹேரியட் லாத்ரப் அதே நார்விச் நகரத்துப் பெண், 1796இற் பிறந்தவர். இளமையிலேயே அவ்வூரில் ஏழைப் பிள்ளைகளுக்கென ஞாயிற்றுப் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர். ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் அதனை விரும்பினார்கள் என்பதற்கில்லை. எதிர்ப்புக்கு நடுவே பள்ளி நடத்துவது எத்தகையது என்பதை அவர் யாழ்ப்பாணத்துக்கு வருவதற்கு முன்பே தெரிந்துகொண்டிருந்தார்.

1819 ஜனவரியில் இருவருக்கும் திருமணம். ஜூன் மாதம் 8ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'இண்டசு' என்னும் பாய்மரக் கப்பலில் ஏறினர். அதே கப்பலிலே ஸ்போல்டிங், வுட்வார்ட், ஸ்கடர் ஆகியோரும் தத்தம் மனைவியரோடு வந்தனர். நான்கு மாதத்துக்கு மேல் கடலிலே மிதந்து கல்கத்தாவை அடைந்தனர். ஸ்கடர் மருத்துவரின் குழந்தை கல்கத்தாவிலேயே இறந்தது. பணியிடத்தைக் காணுமுன்பே கொடுத்த முதற்பலி அது. பின்பு இலங்கை சேர்ந்து, 1820இல் வின்சுலோ தம்பதிகள் யாழ்ப்பாண நகருக்கு வடக்கே ஐந்து மைல் தொலைவிலுள்ள உடுவிலில் அமர்ந்தனர்.

முதல் வேலை தமிழ் படிப்பது. வயது முப்பதைத் தாண்டிய பட்டதாரி ஒருவர் ஓலைச் சுவடியை எதிரே வைத்துக்கொண்டு 'அ, ஆ' என்று தொடங்குவதை நினைத்துப் பார்க்கவேண்டும். அந்நாளிலே அவர்களுக்கு உதவியாக இருந்த அச்சுநூல்கள் மிகச் சில. வேப்பேரியில் 1779இல் வெளியான பப்ரிசியசு ஐயரின் அகராதி போன்றவை இருந்தன. அவை யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்குக்கு எவ்வளவு தூரம் பயன்பட்டிருக்கும்? கற்பிக்க வந்தவர்கள் முதலிலே மாணாக்கராகவேண்டியிருந்தது. நாற்பது ஆண்டு கடந்து வெளிவந்த அகராதிக்கு வித்து இந்த இடர்ப்பாட்டிலே ஊன்றப்பட்டது என்றே நான் கருதுகின்றேன். தனக்குக் கிடைக்காத கருவியைப் பிறருக்குச் செய்து கொடுப்பவன்தான் அதனை நன்றாகச் செய்கின்றான்.

இந்நிலையில் அரசாங்கத்திடமிருந்து ஒரு தடை வந்தது. 1820இல் பிரவுன்ரிக் நீங்க, ஆட்சிப் பொறுப்பை ஏற்ற எட்வர்ட் பார்ன்சு அமெரிக்கருடைய கூட்டம் பெருகுவதை விரும்பவில்லை. இருப்பவர் இருக்கலாம், புதியவர் எவரும் வரக்கூடாது என்பது கட்டளை. அச்சுத்தொழில் அறிந்த காரெட் என்பவர் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியதும் தீவை விட்டு வெளியேறும்படி ஆணையிடப்பட்டார். இத்தடை 1833 வரையில் நீடித்தது. பதின்மூன்று ஆண்டுகள்! ஒருவர் நோயுற்றால் அவரிடத்துக்கு வேறொருவர் வர வழியில்லை. ஒருவர் இறந்தால் அந்த இடம் வெற்றிடமே. ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்த சில குடும்பங்களே எல்லாப் பணிகளையும் சுமந்தன. அச்சங்கத்துப் பட்டியல்களிலே மனைவியர் 'உதவி மிஷனரிகள்' என்றே குறிக்கப்பட்டனர். ஆனால் தடை நிலவிய அந்தக் காலத்திலே அவர்கள் செய்தவற்றை உதவி என்று சொல்வது பொருந்தாது.

1823இல் வட்டுக்கோட்டையிலே ஆண்களுக்கான உயர்தரக் கல்விக்கூடம், செமினரி என்னும் பெயரோடு, டானியல் பூர் அவர்களின் தலைமையில் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு, 1824இல், உடுவிலில் வின்சுலோ அம்மையார் பெண்களுக்கு ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார்.

பெண் குழந்தைக்கு எழுத்தறிவிப்பது அக்காலத்திலே வழக்கமன்று. எழுத்துக் கற்ற பெண்ணை யார் மணப்பார் என்ற கேள்வி ஒருபுறம். கிறித்தவர் வளவில், அவர் உலையில் வெந்த சோற்றை உண்டு வளர்ந்த பெண்ணின் சாதி என்னவாகும் என்ற அச்சம் மறுபுறம். வீட்டிலே தாய்க்குத் துணையாக இருந்து தம்பி தங்கையரைப் பார்க்கவேண்டிய கைகளைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டு வேலை என்னாவது என்பது மூன்றாவது. பெண்கல்வியை எதிர்த்த மக்கள் அறியாமையாலேயே எதிர்த்தார்கள் என்று எழுதிவிடுவது எளிது. அவர்களுக்கு ஏற்பட்ட நட்டம் உண்மையான நட்டம். அச்சமும் உண்மையான அச்சம். இதனை ஒப்புக்கொண்டால்தான் அம்மையார் செய்தது எவ்வளவு கடினமானது என்பது விளங்கும்.

அவர் வெறும் பகற்பள்ளி வைக்கவில்லை. பெண்களைத் தம் வளவிலேயே தங்கவைத்தார். நான் நெடுங்காலம் தலைமையாசிரியனாக இருந்தவன். சேர்க்கைப் பதிவேட்டிலே நிறைந்திருக்கும் பெண்பெயர்கள் ஐந்தாம் வகுப்புக்குமேல் எப்படிக் குறைந்துபோகும் என்பதை ஆண்டுதோறும் கண்டவன். சிறுமி பருவமடைந்ததும் பள்ளி நின்றுவிடும். இருபதாம் நூற்றாண்டிலே இந்த நிலை என்றால், 1824இல் எப்படி இருந்திருக்கும்! உணவும் உடையும் உறைவிடமும் கொடுத்து, இத்தனை ஆண்டு இங்கே இருத்தல் வேண்டும் என்று பெற்றோரிடம் உறுதி பெற்றாலன்றிப் பெண்கல்வி நிலைக்காது என்று கண்டது அம்மையாரின் நுண்ணறிவு.

அதிலும் ஒரு படி மேலே சென்றனர். படிப்பை முடித்துக் கிறித்தவர் ஒருவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சிறிது சீதனம் கொடுப்பது என்று வகுத்தனர். யாழ்ப்பாணத்திலே சீதனம் என்பது எவ்வளவு வலிய கட்டு என்பதை அறிந்தவர்கள் இந்த ஏற்பாட்டின் உலகியல் அறிவை அறிவார்கள். ஏழைப் பெற்றோருக்கு அது பெரிய ஆறுதல். மதம் மாற்றுவதற்குக் கொடுத்த விலை என்று இதனைக் குறை கூறுவோர் உண்டு. அக்குறையைப் புறக்கணித்துவிட முடியாது. பிற்காலத்து மிஷனரிமாரே அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். வட்டுக்கோட்டையிலே கற்கும் இளைஞருக்குத் தகுந்த மனைவியர் வேண்டும் என்பதும் இப்பள்ளி தோன்றியதற்குக் காரணங்களுள் ஒன்று. நல்ல மனைவியை உண்டாக்குவது என்பது பெண்கல்விக்குக் குறுகிய நோக்கமே. ஆனால் எழுத்து என்பது ஒருமுறை கையில் வந்துவிட்டால், கொடுத்தவர் கருதிய எல்லையோடு நிற்பதில்லை. மனைவியாக வேண்டும் என்று கற்பிக்கப்பட்டவர்களிற் பலர் ஆசிரியைகளாகவும் ஆனார்கள்.

இனி, அந்த வீட்டுக்குள்ளே நிகழ்ந்த ஒன்றைக் கூறவேண்டும். இதனைக் கூறாமல் இவ்வரலாற்றைக் கூறினால் அது துதிபாடலாகவே முடியும்.

மிஷனரிமார் தம் பிள்ளைகள் வளர்ந்ததும் கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது அக்காலத்து வழக்கம். வின்சுலோ தம்பதிகளின் மகன் சார்லசு உடுவிலிலே 1821இற் பிறந்தவன். அவனையும் கப்பலேற்றி அனுப்பினார்கள். 1832 மே மாதத்தில் நியூயார்க் நகரில் அவன் இறந்தான். வயது பதினொன்று. தாய்க்கு அச்செய்தி கடல் வழியாக மாதக்கணக்கிற் பயணம் செய்து வரவேண்டியிருந்தது. மகன் நலமாயிருக்கின்றான் என்ற எண்ணத்தோடு உடுவிலிலே அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்த நாள்கள் பலவற்றில் அவன் உயிரோடு இல்லை.

ஊர்ப் பெற்றோரிடம், "உங்கள் மகளை என்னிடம் ஒப்படையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற பொருள்படப் பேசிவந்த பெண்மணி, தம் மகனைப் பிறரிடம் ஒப்படைத்து இழந்தார். இது தியாகமா? பிள்ளையின்மேல் சுமத்தப்பட்ட பெரியவர்களின் துணிவா? மாணவர் விடுதியைப் பல ஆண்டு மேற்பார்த்தவன் என்ற முறையிலே எனக்கு ஒரு கருத்து உண்டு. பத்து வயதுக்குள் வீட்டைப் பிரியும் பிள்ளை, எவ்வளவு அன்பான இடத்திலே சேர்ந்தாலும், ஒன்றை இழக்கின்றது. மகனை அனுப்பியது அம்மையாரின் பிழை என்று நான் கூறவில்லை. அந்நாளைய வெப்பமும் நோயும் பெற்றோரை அஞ்சச் செய்தன. ஆயினும் அந்தப் பணிக்கு உரிய விலையிலே ஒரு பகுதியைக் கேளாமலே கொடுத்தவன் அச்சிறுவன் என்பதை மறைக்கலாகாது. உடுவில் விடுதியிலே இரவில் அழுத சிறுமியரை அந்தத் தாய் எத்தகைய மனத்தோடு தேற்றியிருப்பார் என்பதை நேயர்களே எண்ணிக்கொள்ளலாம்.

1833 ஜனவரி 14ஆம் நாள் ஹேரியட் அம்மையார் உடுவிலிலே மறைந்தார். முப்பத்தாறு வயது. அதே ஆண்டிலே அரசாங்கத் தடை நீங்கியது. புதிய மிஷனரிமார் கப்பலில் வந்திறங்கினர். அவர்களுள் ஒருவரான ஹட்சிங்சு என்பவரின் மனைவி, ஹேரியட் அம்மையாரின் உடன்பிறந்த தங்கை. அக்காளைக் காண வேண்டிய ஆண்டிலே அக்காள் இல்லாத வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்தார்.

பள்ளி நின்றுவிடவில்லை. 'இண்டசு' கப்பலிலே உடன் வந்த ஸ்போல்டிங் தம்பதிகள் உடுவிலை ஏற்றனர். லீவை ஸ்போல்டிங் தமிழை நன்கு கற்றவர். தமிழிலே கீர்த்தனங்கள் இயற்றியவர். 1842இல் மானிப்பாயிலே அச்சான தமிழ் அகராதிக்கும் அவர் துணைநின்றார். சந்திரசேகர பண்டிதர் முதலிய யாழ்ப்பாணத்துப் புலவர்களின் உழைப்பால் 58,500 சொற்களோடு வெளிவந்த அந்நூலை மானிப்பாய் அகராதி என்பர். ஸ்போல்டிங் 1873இல் உடுவிலிலே இறந்தார். மனைவி மேரி அம்மையார் மறு ஆண்டு இறந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே வட்டாரத்திலே வாழ்ந்த தம்பதிகள்! மாறுதல் ஆணை வந்தால் மூன்று மாதம் புலம்பும் நம் ஆசிரிய உலகம் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1840இல் எலைசா அக்னியூ என்னும் மணமாகாத பெண்மணி நியூயார்க் நகரிலிருந்து வந்தார். தாய்நாட்டுக்கு ஒருமுறையும் திரும்பாமல், ஏறத்தாழ நாற்பது ஆண்டு உடுவிற் பள்ளியிலே கற்பித்து, 1883இல் யாழ்ப்பாண மண்ணிலேயே மறைந்தார். தாயும் மகளும், சில குடும்பங்களிலே பேர்த்தியும் அவரிடம் படித்தனர். ஆயிரம் பெண்களுக்குத் தாய் என்று அவரைக் கூறுவது வெறும் புகழ்ச்சியன்று. அவரிடம் பயின்றோர் தொகை ஆயிரத்துக்கு மேலே.

வின்சுலோ பாதிரியார் மனைவியின் நாட்குறிப்பையும் கடிதங்களையும் தொகுத்து 1835இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். ஆகவே அம்மையாரின் பெயரும் ஒரு நூலின் முகப்பிலே உண்டு; ஆனால் அது அவர் எழுதியனவற்றை வேறொருவர் தொகுத்த நூல். 1836இல் பாதிரியார் ஸ்கடரோடு சென்னைக்கு வந்தார். மறுமணங்கள் செய்துகொண்டார், துயரங்களும் மறுபடி வந்தன. விவிலியத் திருத்தத்திலும் பள்ளிகளிலும் பொழுது செலவாக, எஞ்சிய நேரத்திலே அகராதி வளர்ந்தது. இராமாநுச கவிராயர் போன்ற பெரும்புலவர் அதற்கு உதவினர். இருபது ஆண்டுக்கு மேலான உழைப்பு. அகராதி வெளிவந்து இரண்டு ஆண்டுக்குள் உடல் தளர்ந்து தாயகம் திரும்பப் புறப்பட்டவர், 1864 அக்டோபரில் வழியிலே நன்னம்பிக்கை முனையில் உயிர் நீத்தார். மனைவி உடுவிலிலே, மகன் நியூயார்க்கிலே, அவர் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலே.

ஒரு சிறு செய்தி. இத்தம்பதிகளின் மகளொருத்தி, யாழ்ப்பாணத்திலே பிறந்தவர், தாயின் பெயரையே தாங்கியவர், டல்லசு என்னும் குடும்பத்திலே வாழ்க்கைப்பட்டார். 1953 முதல் 1959 வரையில் அமெரிக்க நாட்டின் வெளிவிவகார அமைச்சராக இருந்து உலகையே பரபரப்பில் ஆழ்த்திய ஜான் பாஸ்டர் டல்லசு அவருடைய பேரன். உடுவிலில் அரிச்சுவடி கற்பித்த அம்மையாரின் கொள்ளுப்பேரன் அவர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

வட்டுக்கோட்டைச் செமினரி 1855இலே மூடப்பட்டது. அதற்குள் அது தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாகப் பட்டம் வழங்கியபோது அதனைப் பெற்ற கரோல் விசுவநாத பிள்ளையும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் வட்டுக்கோட்டையிலே பயின்றவர்கள். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய தாமோதரம் பிள்ளையைத் தமிழுலகம் மறக்காது. அந்த ஆடவர்களின் பெயர்கள் பட்டமளிப்புப் பட்டியலிலே உள்ளன. உடுவிலிற் கற்ற பெண்களுக்கு அந்நாளிலே எந்தப் பல்கலைக்கழகத்துப் பட்டியலிலும் இடமில்லை. அவர்களைத் தேடவேண்டுமானால், ஊர்ப் பள்ளிகளின் ஆசிரியைகளிலும், எழுதப்படிக்கத் தெரிந்த தாய்மாரிலும் தேடவேண்டும்.

மிஷனரிமாரின் கல்வி சைவர்களின் உள்ளத்திலே ஓர் எதிர்க்கிளர்ச்சியையும் உண்டாக்கிற்று. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாதிரிமாரின் படைக்கலங்களாகிய பள்ளியையும் அச்சையும் பிரசங்கத்தையும் அவர் தம் சமயத்துக்காக எடுத்தாண்டார். பெண்கல்வியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஆனால் காலம் சென்று நிகழ்ந்தது. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்கென ஒரு கல்லூரியைப் பெரும்பொருள் செலவிட்டு நிறுவினார். அவர் அதற்குத் தேர்ந்த இடம் மருதனார்மடம். உடுவிற் பள்ளிக்கு நடந்தே செல்லக்கூடிய தூரம். தன் மகளைக் கிறித்தவர் பள்ளிக்கு அனுப்ப மனமில்லாத, ஆனால் படிக்காமல் விடவும் மனமில்லாத தந்தைக்கு அக்கல்லூரி வழிவிட்டது.

உடுவில் மகளிர் கல்லூரி 2024இல் தன் இருநூறாவது ஆண்டைக் கண்டது. இராமநாதன் கல்லூரியும் நடைபெற்றுவருகின்றது. காலையிலே மணி அடிக்கும் வேளையில், அவ்வட்டாரத்துச் சாலைகளிலே வெள்ளைச் சீருடை அணிந்த சிறுமியர் இரண்டு வாயில்களை நோக்கியும் நடந்து செல்கின்றனர்.